கற்பனை உலகத்துக்கு ஒரு புனித விலங்கை உருவாக்கும் முறை

மிகுபுனைவுக் கதை எழுதத் தொடங்கும் ஒருவர் தமது உலகத்தின் சமயத்தைப் பற்றிச் சிந்திக்கும்போது, பெரும்பாலும் ஒரு விலங்கின் உருவத்தையே முதலில் வரைகிறார். இறக்கை முளைத்த சிங்கம், மூன்று தலை நாகம், நெருப்புக் கக்கும் எருது என ஏதோ ஒன்று தாளில் வந்துவிடும். அதற்கு ஒரு பெயரும் ஒரு கோயிலும் கொடுத்துவிட்டு அவர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார். இப்படிப் பிறந்த விலங்கு கதையில் கொடியிலும் கேடயத்திலும் மட்டுமே நிற்கும், அதனால் யாருடைய நாளும் மாறாது. இங்கே பரிந்துரைக்கப்படும் வரிசை இதற்கு நேர்மாறானது. மக்களின் தொழிலிலிருந்து தொடங்கி, அவ்விலங்குக்காக அவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதைத் தீர்மானித்து, சட்டமும் சடங்கும் கதையும் அதன்பின் வர, உருவத்தைக் கடைசியில் வரைய வேண்டும். உதாரணங்கள் பலவற்றை இலங்கையின் கிழக்கிலுள்ள மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்தே எடுத்திருக்கிறேன். கடலும் வாவியும் வயலும் காடும் இவ்வளவு நெருங்கிக் கிடக்கும் நிலத்தில், விலங்கை வணங்குவதற்கும் அதோடு மல்லுக்கட்டுவதற்கும் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

தொழிலும் பருவமும்

உங்கள் உலகத்து மக்கள் எதை உண்டு வாழ்கிறார்கள், எதைக் கண்டு அஞ்சுகிறார்கள், எந்த மாதத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக நெல் விதைப்புத் தொடங்கியதும், பயிரைக் காப்பதற்காக மாட்டுப் பட்டிகளைக் காட்டோரத்து மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோய், அறுவடை முடிந்தபின் திருப்பிக் கொண்டுவருவது பழைய வழக்கம். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்து உங்கள் உலகத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே எருது தெய்வத்தன்மை உடையதென்றால், ஆண்டின் பல மாதங்கள் தெய்வம் ஊரில் இல்லை. அக்காலத்தில் சத்தியம் செய்ய வேண்டியவன் எதன்மீது கைவைத்துச் செய்வான்? காணி வழக்குகள் பட்டி திரும்பும்வரை தள்ளிவைக்கப்படுமா? ஊரில் எவரும் மதிக்காத ஓர் இளம் மாட்டுக்காரன், காட்டில் தெய்வத்தோடு தனித்திருக்கும் அம்மாதங்களில் பூசகனாகிவிடுகிறானா, அப்படி ஆகிவிட்டால் ஊருக்குத் திரும்பும் நாளில் அந்த மதிப்பை அவனிடமிருந்து யார், எந்தச் சடங்கினால் பறிக்கிறார்கள்? ஒரு தொழிலுண்மையிலிருந்து இத்தனை கேள்விகள் கிளம்புகின்றன. இறக்கை முளைத்த சிங்கத்திடம் இப்படி எதையும் கேட்க முடியாது.

தேவையும் அச்சமும் ஒரே விலங்கில் கூடினால் அதையே தேர்ந்தெடுங்கள். வயலில் எலியைத் தின்று நெல்லைக் காப்பதும், இருட்டில் வரம்பில் கால் வைத்தவனைக் கடித்துக் கொல்வதும் ஒரே நாகந்தான். நாகதம்பிரானுக்குப் பால் வைப்பவர் மனத்தில் நன்றி எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எவராலும் முடியாது; அந்தப் பிரிக்க முடியாமைதான் நம்பகத்தன்மையைத் தருகிறது.

உருவமா, ஓர் உயிரா, இனம் முழுவதுமா

அடுத்து எடுக்க வேண்டிய முடிவைப் பலர் எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். உங்கள் சமயத்தில் புனிதமானது அவ்விலங்கின் உருவமா, குறித்த ஒரு தனி உயிரா, அல்லது அந்த இனத்தைச் சேர்ந்த எல்லா உயிர்களுமா என்பதைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ளாவிட்டால், கதையின் நடுவில் உங்கள் சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டத் தொடங்கும்.

உருவம் மட்டும் புனிதமாக இருப்பதற்கு நமக்கு மிக நெருக்கமான சான்று பிள்ளையாரின் வாகனமாகிய எலி. கோயிலில் அதன் சிலைக்கும் பூ வைக்கிறோம். ஆனால் வயல் வட்டையில் எலி நெற்பயிரை வெட்டத் தொடங்கினால் பொறி வைப்பதற்கு எந்த வேளாண்மைக்காரரும் பிள்ளையாரிடம் அனுமதி கேட்பதில்லை. இதற்கு எதிர்முனையில், இராஜஸ்தானின் தேஷ்நோக்கிலுள்ள கர்ணி மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான உயிருள்ள எலிகள் உலவுகின்றன. அவற்றின் வாய்பட்ட உணவைப் பக்தர்கள் பிரசாதமாக ஏற்கிறார்கள். வெள்ளை எலி கண்ணில் படுவது பெரும்பேறு எனக் கருதப்படுகிறது. ஒரே விலங்கு, ஒரே பெருஞ்சமயம், ஆயினும் நடைமுறை முற்றிலும் வேறு. உங்கள் உலகத்திலும் ஒரு மாகாணத்துக்கும் அடுத்த மாகாணத்துக்கும் இப்படியொரு வேறுபாட்டை வைத்தால், நாடு தானாகவே பெரிதாகிவிடும்.

ஒரு தனி உயிர் மட்டும் புனிதமாவதற்குப் பண்டைய எகிப்தின் ஆபிஸ் எருது சான்று. மெம்பிஸ் நகரில் ஒரு காலத்தில் ஒரே ஓர் ஆபிஸ்தான் இருக்கும். கரிய உடல், நெற்றியில் வெண்குறி முதலிய அடையாளங்களைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே நாட்டில் மற்ற எருதுகள் பலியிடப்பட்டன, உண்ணவும்பட்டன. அடையாளம் பார்த்துத் தேர்வது என்றவுடன் அடையாளத்தைப் போலியாக உண்டாக்குவது, தேர்வாளருக்குக் கையூட்டுக் கொடுப்பது, குறியுள்ள கன்றை மறைத்து வளர்ப்பது ஆகிய மூன்று கதைகள் உங்கள் கையில் வந்து விழுகின்றன.

பிறப்பினால் அன்றிப் பணியினால் புனிதம் பெறும் உயிரும் உண்டு. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள கண்டி தலதா மாளிகையின் பெரஹரா ஊர்வலத்தில் புனிதப் பேழையைச் சுமந்த ராஜா என்ற கொம்பன் யானை, 1925இல் நமது ஏறாவூர்ப் பக்கத்துக் காட்டில் பிடிக்கப்பட்டது. 1937இல் மாளிகைக்கு வழங்கப்பட்ட அது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பணிசெய்து, 1986இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டு, 1988இல் இறந்தது. பிடிபட்ட அன்று அது வெறுங் காட்டு யானை. எந்த ஆண்டில், எந்தப் பெரஹராவில் அது வெறும் யானையாக இருப்பதை நிறுத்தியது என்று கேட்டால் விடையில்லை. உங்கள் கதையில் ஒரு விலங்கின் வாழ்நாளையே இப்படிப் பின்தொடர முடியும். அதைப் பிடித்த வேட்டைக்காரன் முதுமையில் அதன் முன் வந்து விழுந்து வணங்கும்படி நேருமானால் அக்காட்சியை நான் வாசிக்க விரும்புவேன்.

செலவை யார் தாங்குகிறார்

புனித விலங்கு உண்ணும்; கழிக்கும்; பயிரை மிதிக்கும்; சிலவேளை ஆளைக் கொல்லும். இவை ஒவ்வொன்றுக்கும் உங்கள் உலகத்தில் ஒரு விடை இருக்க வேண்டும். அம்பாறையின் வயலோரங்களில் யானை முகத்தானை வணங்கிவிட்டுக் காவலுக்குப் போகும் ஒருவர், அன்றிரவே காட்டு யானையைத் துரத்த யானைவெடி கொளுத்துகிறார். மின்வேலிக்காக வனசீவராசிகள் திணைக்களத்திடம் மனுக் கொடுக்கிறார். இதில் அவருக்கு எந்த மன உறுத்தலும் இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்து இதை எழுதுபவர் உடனே அவரைப் போலிப் பக்தராகவோ, நம்பிக்கைக்கும் பசிக்கும் இடையில் தவிக்கும் துயரப் பாத்திரமாகவோ ஆக்கிவிடுவார். இரண்டும் பிழை என்பது என் கருத்து. மக்கள் தங்கள் சமயத்துக்குள் இத்தகைய முரண்களோடு வசதியாகவே வாழ்கிறார்கள். உங்கள் பாத்திரங்களுக்கும் அந்த வசதியைக் கொடுங்கள்.

உணவளிக்கும் பொறுப்பை ஒருவரிடமும் ஒப்படைக்காமல் ‘கோயில் பார்த்துக்கொள்கிறது’ என்று எழுதிவிட வேண்டாம். மட்டக்களப்புக் கோயில்களில் திருவிழா நாட்கள் குடிவாரியாக, அதாவது தாய்வழிக் குலங்களின்படி, பங்கிடப்படுவதையும், கோயில் நிருவாகியாகிய வண்ணக்கர் பதவி எந்தக் குடிக்கு உரியது என்பதில் எழும் இழுபறியையும் கண்டவர்களுக்கு, சுமையும் உரிமையும் ஒன்றே என்பது புரியும். விலங்குக்குப் புல் வெட்டிப்போடும் வேலை வெளியாருக்கு இழிந்த வேலையாகத் தெரியலாம். அதை இன்னொரு குடிக்குக் கொடுத்துப் பாருங்கள், ஊர் இரண்டுபடும். சொத்துரிமையையும் இதேபோல் ஆராயலாம். இங்கே மாடுகளுக்கு உரிமையாளரைக் காட்டக் குறிசுடும் வழக்கம் உண்டு. உங்கள் உலகத்தில் ‘குறியில்லாத மாடு தெய்வத்துக்குரியது’ என்று ஒரு சட்டம் இருந்தால், கன்று பிறந்து குறிசுடும் நாள்வரை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதற்றம் இருக்கும், கோயில் சேவகர்கள் அந்த நாட்களிலேயே ஊருக்குள் வருவார்கள்.

ஒரு விலங்கை முழுமையாக அமைத்துப் பார்த்தல்

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு ஒன்றை உருவாக்கிக் காட்டுகிறேன். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தைக் கடல் மணல் அடைத்துவிடுவதுண்டு. மாரி மழையில் வாவி நீர் ஏறித் தாழ்ந்த வயல்களை மூழ்கடிக்கும்போது மணல் மேட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல் செய்பவரின் விருப்பமும் வாவியில் மீனும் இறாலும் பிடிப்பவரின் விருப்பமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த உண்மையை அப்படியே வைத்துக்கொண்டு, மண்வெட்டியை மட்டும் மனிதர் கையிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

கழிநாடு என்பது நம் கற்பனை நாடு. அங்கே மணல் மேட்டை உடைக்கும் உரிமை அகழன் என்ற நீர்விலங்குக்கு மட்டுமே உண்டு. மாரியில் உவர்நீர் நன்னீராக மாறத் தொடங்கியதும் அது கடலுக்குப் போய்க் குட்டியீன விரும்பி மணலைத் தோண்டுகிறது. அதுதான் அதன் இயல்பு. மக்களோ, கடல்தாயும் மழைத்தகப்பனும் பிரிந்திருந்த காலத்தில் இருவருக்கும் தூது போனது அகழன்தான் என்றும், மனிதன் அந்த வாயிலை வெட்டினால் தூது பொய்யாகிவிடும் என்றும் நம்புகிறார்கள். மேற்கரையில் நெல் விதைப்பவர்கள், அகழன் பிந்தினால் பயிரை இழக்கிறார்கள். கிழக்குக்கரையில் மீன் பிடிப்பவர்களுக்கு அது பிந்துவதே இலாபம். இரு கரையாரும் அதை ஒரே அளவு பக்தியோடு வணங்குகிறார்கள், ஆனால் வேண்டுதல் மட்டும் எதிரெதிரானது.

சட்டத்துக்கு வருவோம். மேட்டை வெட்டியவனுக்கு மரண தண்டனை என்று எழுதுவது எளிது, ஆனால் பயனற்றது. இறந்தவனை வைத்துக் கதை நடத்த முடியாது. ஆகவே கழிநாட்டில் வெட்டியவனுடைய குடி முழுவதும் ஒரு போகம் விதைக்காமல் வயலைத் தரிசாகப் போட வேண்டும், அந்தத் தரிசில் எவருடைய மாடும் மேயலாம் என்று வைக்கிறேன். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனுடைய அத்தை, மாமன், மைத்துனன் அனைவரும் பட்டினி கிடக்கிறார்கள் என்பதால், அவனைக் காட்டிக்கொடுப்பதா மறைப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு அடுப்படியிலும் எழும். மேடு உடைந்த மறுநாள் காலையில், உடைத்தது அகழனா மனிதனா என்று சொல்லும் அதிகாரம் தடம் பார்ப்போர் என்ற சிறு குலத்துக்கு உண்டு. அவர்கள் வயலும் செய்வதில்லை, வலையும் வீசுவதில்லை. இருகரையாரும் கொடுக்கும் மடைப்பொருளில் வாழ்பவர்கள். வெள்ளம் மிகுந்த ஆண்டுகளில் மேற்கரையார் சிலர் அகழனின் பாதம்போல் செதுக்கிய மரக்கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு இரவில் தோண்டுவார்கள், தடம் பார்ப்போரின் கிழவி அதைப் பார்த்தவுடன் கண்டுகொள்வாள். அவள் என்ன தீர்ப்புச் சொல்வாள் என்பது அந்த ஆண்டு எந்தக் கரை அவளுக்கு நெல்லோ கருவாடோ தாராளமாகக் கொடுத்தது என்பதைப் பொறுத்ததாக இருக்கலாம், அல்லது அவளுக்கு மேற்கரையில் ஒரு பேரன் இருப்பதைப் பொறுத்ததாக இருக்கலாம். அவளைக் கெட்டவளாக ஆக்காதீர்கள். கடுமையான ஒரு சட்டத்தை மனிதர் தாங்கக்கூடியதாக மாற்றிக்கொண்டிருப்பவள் அவளே என்று ஊரில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் அதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இப்போதுதான் உருவத்தை வரைகிறேன். தோண்ட வேண்டியதால் அகன்ற முன்பாதம், உவர்நீரிலும் நன்னீரிலும் வாழ்வதால் எண்ணெய்ப்பசையுள்ள அடர்த்தியான மயிர், எருமைக்கன்றின் பருமன். வேறொன்றும் தேவையில்லை. ஒளிரும் கண் வேண்டுமென்று கை துடித்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள்.

அற்புதம் சிறிதாக இருக்கட்டும்

புனித விலங்குக்கு ஓர் அற்புதக் கதை தேவைப்படும். இதில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கோயிலை அழிக்க வந்த போர்த்துக்கேயத் தலைவன் அங்கிருந்த கல் நந்தியைக் காட்டி, இது புல் தின்னுமா என்று ஏளனமாகக் கேட்டான் என்றும், புல்லை வைத்தபோது நந்தி எழுந்து அதைத் தின்று சாணமும் இட்டது என்றும் ஊர்க்கதை சொல்கிறது. இக்கதையின் அமைப்பைக் கவனியுங்கள். நந்தி நெருப்புக் கக்கவில்லை, வானத்தில் பறக்கவில்லை. எந்த மாடும் எந்தக் காலையிலும் செய்வதையே செய்தது. கல்லாக இருந்துகொண்டு செய்தது என்பது மட்டுமே அற்புதம். மாடு வளர்க்கும் மக்கள் சொன்ன கதை அது என்பதற்குச் சாணம் ஒன்றே போதிய சான்று. வந்தவனின் கேள்வியும் மாட்டைப் பற்றி அறிந்தவன் கேட்கக்கூடிய எளிய கேள்வியாகவே இருக்கிறது.

உங்கள் விலங்கின் அற்புதத்தையும் இவ்வாறே அதன் அன்றாட இயல்பிலிருந்து எடுங்கள். அகழனுக்கு ஓர் அற்புதம் வேண்டுமானால், அது ஒருமுறை மாரி இல்லாத மாதத்தில், நீர் ஏறாத நாளில் வந்து மேட்டைத் தோண்டியது, மூன்றாம் நாள் மலைப்பக்கத்துக் குளம் உடைந்து வெள்ளம் வந்தது என்பது போதும். கேட்பவர் அதை அற்புதமென்றும் கொள்ளலாம், விலங்கின் மோப்பமென்றும் கொள்ளலாம்.

பகைமையிலிருந்து பிறக்கும் புனிதமும் கதைக்கு மிகவும் உதவும். மாமரமாக நின்ற சூரன் வேலினால் இரு கூறாகி மயிலும் சேவலும் ஆனதை நம் முருகன் கோயில்களில் ஆண்டுதோறும் சூரன்போரில் பார்க்கிறோம். வணங்கப்படும் விலங்குக்குள் தோற்ற பகைவன் இருக்கிறான் என்ற எண்ணத்தைக் கற்பனை உலகங்களில் நான் அதிகம் காணவில்லை, எடுத்துப் பயன்படுத்துங்கள்.

அயலவரும் நம்பாதவரும்

ஒரு நாடு முழுவதும் ஒரே விலங்கை ஒரே விதமாக வணங்குவதாக எழுதினால் அது நாடாகத் தெரியாது. கிழக்கில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலி அடுத்திருக்கின்றன. ஓர் ஊரில் கோமாதாவாக வணங்கப்படும் மாடு அடுத்த ஊரில் ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானுக்குரியது; இடையில் பாலும் தயிரும் நெல்லும் கடனும் இரு பக்கமும் போய்வருகின்றன. இத்தகைய அயலைக் கதையில் வைக்கும்போது, எந்தப் பக்கத்தையும் அறியாமையாகக் காட்டாமல், இரு பக்கத்தவரும் ஒருவர் வழக்கத்தை ஒருவர் எவ்வளவு துல்லியமாக அறிந்து நடக்கிறார்கள் என்பதைக் காட்டுங்கள். எந்த நாளில் எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது சந்தையில் நிற்கும் சிறுவனுக்குக்கூடத் தெரியும்.

நம்பாதவனுக்கு ஒரே ஒரு வரலாற்றுச் சான்று தருகிறேன். உரோமர்கள் போருக்குமுன் புனிதக் கோழிகளுக்குத் தீனி போட்டு, அவை உண்டால் நற்குறி என்று கொண்டார்கள். கி.மு. 249இல் திரெப்பானா கடற்போருக்கு முன் அவை உண்ண மறுத்தபோது, தளபதி கிளவுடியுஸ் புல்கெர், ‘தின்னாவிட்டால் குடிக்கட்டும்’ என்று அவற்றைக் கடலில் எறிந்ததாகவும், பின்னர் போரில் படுதோல்வி அடைந்ததாகவும் சொல்லப்படுகிறது. தோல்விக்குக் கோழியைக் காரணமாகக் காட்டலாம், தளபதியின் திட்டத்தையும் காட்டலாம். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விடுவது நல்லது.

இறப்பும் மறதியும்

புனித விலங்கு இறந்தால் என்ன நடக்கும் என்பதை எழுதாதவர்களே அதிகம். ஆபிஸ் இறந்தபோது அதன் உடல் பதப்படுத்தப்பட்டு, சக்காராவில் மாபெரும் கற்பேழையில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆபிசைத் தேடும் பணியும் தொடங்கியது. ராஜாவின் உடல் பாடம் செய்யப்பட்டு இன்றும் தலதா மாளிகை வளாகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றில் இடத்தை நிரப்ப வேண்டும், மற்றதில் அந்தத் தனியுயிரை இழக்கக் கூடாது. உங்கள் சமயம் இவற்றில் எந்த வகை என்பதைத் தீர்மானித்துவிட்டால் துக்க காலம், வாரிசுப் போட்டி, நினைவுப்பொருள் வாணிகம் எல்லாம் அதிலிருந்தே வரும்.

சமயமே இறந்துபோவதும் உண்டு. எகிப்தியர் பக்தியோடு பதப்படுத்திப் புதைத்த பூனைகளின் உடல்கள், ஏறத்தாழ 180,000 எண்ணிக்கையில், 1890இல் கப்பலில் லிவர்பூலுக்கு ஏற்றப்பட்டு வயலுக்கு உரமாக விற்கப்பட்டன. உங்கள் கதை பல நூற்றாண்டுகளைக் கடக்குமானால், பழைய சமயத்தின் விலங்கு புதிய காலத்தில் எங்கே கிடக்கிறது என்று ஓர் இடத்திலாவது காட்டுங்கள்: ஒரு கடையின் பெயர்ப்பலகையில், ஒரு வசைச்சொல்லில், எவரும் காரணம் அறியாமல் தவிர்க்கும் ஓர் உணவில்.

எழுதும்போது இவ்வளவையும் வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தடம் பார்ப்போரின் வரலாற்றை ஒரு பத்தியில் எழுதுவதைவிட, வெள்ளத்தின் மறுநாள் கிழவியின் வாசலில் நெல் மூடை ஒன்று இறக்கப்படுவதையும், அதை இறக்கியவர் ஒன்றும் பேசாமல் போவதையும் எழுதுவது போதும். ஒரு நாவலுக்கு இப்படி முழுமையாக அமைத்த விலங்கு ஒன்றே தாங்கும். மற்ற ஊர்களுக்கு வேறு புனித விலங்குகள் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும், ஒரு தடையும், அதற்குரிய ஒரு பருவமும் கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றில் ஏதாவது ஒன்று பின்னர் கதைக்குள் நுழைய நேர்ந்தால், அந்த ஊரார் எதை உண்டு வாழ்கிறார்கள் என்ற முதற் கேள்வியை அப்போது கேட்டுக்கொள்ளலாம்.